வடிந்ததை அளந்த பிறகே ஊற்றுங்கள்

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். 2012-ஆம் ஆண்டு மாடல் ஹூண்டாய் வெர்னா ஃப்ளூயிடிக், 1.6 பெட்ரோல், ஆட்டோமேடிக் கார் ஒன்றைச் சென்ற ஆண்டு பழையதாக வாங்கினேன். இப்போது 96,000 கி.மீ. ஓடியிருக்கிறது. என்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், பிரேக் பேடு எல்லாம் வீட்டு வாசலில் நானே மாற்றிக்கொள்கிறேன். கியர்பாக்ஸ் எண்ணெய் எப்போதாவது மாற்றப்பட்டதா என்பதற்குப் பதிவேதும் கிடைக்கவில்லை. காலையில் முதல்முறை ‘டி’ போட்டால் ஒரு நொடி தாமதித்து, மெல்லிய உதறலோடு பிடிக்கிறது; ஓடும்போது குறையில்லை. “அந்த எண்ணெய் ஆயுளுக்கும் போதும், தொடாதீர்கள்” என்கிறார் ஒருவர். “இத்தனை நாள் கழித்துப் புது எண்ணெய் ஊற்றினால் கியர்பாக்ஸ் படுத்துவிடும்” என்கிறார் இன்னொருவர். மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்யச் சொல்கிறார் மூன்றாமவர். எண்ணெய்க் கடைக்காரர் டெக்ஸ்ரான் 3 போதும் என்கிறார். எண்ணெயையும் ஃபில்டரையும் நானே மாற்றலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

மாற்றலாம். பிரேக் பேடு மாற்றத் தெரிந்த கைக்கு இந்தக் கழற்றலும் மாட்டலும் பெரிய வேலை அன்று. ஆனால் என்ஜின் ஆயில் மாற்றிய பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்துவிடாதீர்கள். என்ஜினில் எண்ணெய் கால் லிட்டர் முன்பின்னாக இருந்தாலும் வண்டி ஓடிவிடும். ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் அந்த அளவு தாராளம் காட்டாது. இந்த வேலையை வீட்டில் செய்துபார்த்துவிட்டு என் பட்டறைக்கு வந்தவர்களின் வண்டிகளில் நான் கண்ட பிழை பெரும்பாலும் அளவுப் பிழைதான்: எவ்வளவு வடிந்தது என்று அளக்காதது, எண்ணெய் மட்டம் காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கை எந்தச் சூட்டில் பார்க்க வேண்டும் என்று தெரியாதது, எந்த எண்ணெய் என்று கையேட்டைத் திறந்து பாராதது.

அந்தப் பிழையைத் தொழிலுக்கு வந்த புதிதில் நானே செய்திருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு வாடிக்கையாளரின் காரில் எண்ணெய் மாற்றிவிட்டு, வண்டி குளிர்ந்து கிடக்கும்போதே டிப் ஸ்டிக்கில் ‘ஹாட்’ என்ற கோடு வரை ஊற்றி நிரப்பினேன். கோடு வரை வந்துவிட்டது என்ற திருப்தியோடு சாவியையும் கொடுத்துவிட்டேன். அவர் மறுநாள் குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்பினார். மேட்டுப்பாளையம் வரை ஒன்றும் இல்லை. கல்லாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எண்ணெய் சூடேறி விரிந்து, சுழலும் பாகங்களில் அடிபட்டு நுரைத்து, கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய் வழியாக வெளியேறி சைலன்சர் குழாயில் விழுந்து புகைந்திருக்கிறது. பர்லியாறு வருமுன்பே வண்டியை ஓரங்கட்டிவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். தீப்பிடிக்கவில்லை என்பது அவருடைய நல்ல நேரம். அன்றிலிருந்து வடிந்த எண்ணெயை அளந்து எழுதாமல் புதிய டப்பாவின் மூடியைத் திறப்பதில்லை.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று உறுதிசெய்துகொள்வோம். ஏனென்றால் நம் ஊரில் கிளட்ச் மிதி இல்லாத எல்லாவற்றுக்கும் ஆட்டோமேடிக் என்றே பெயர். 2014-இல் செலெரியோவோடு இங்கே வந்து பிறகு பல சிறிய கார்களில் பரவிய ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான்; கிளட்சையும் கியரையும் ஒரு கருவி இயக்குகிறது என்பது மட்டுமே வேறுபாடு, அதனால் அதற்குள் இருப்பதும் மேனுவல் கியர் ஆயில்தான். சிவிடி வகைக்குப் பட்டையும் கப்பியும் வழுக்காமல் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்ட தனி எண்ணெய் உண்டு. இரட்டைக் கிளட்ச் வகையில் உலர் கிளட்ச், ஈரக் கிளட்ச் என்று இரண்டு உண்டு, இரண்டுக்கும் முறை வேறு. உங்கள் 2012 வெர்னா பெட்ரோல் ஆட்டோமேடிக்கில் இருப்பது, என்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருடன் கூடிய, நான்கு கியர் கொண்ட பழைய பாணிப் பெட்டி. வீட்டில் வேலை செய்பவருக்கு இது நல்ல செய்தி: அடியில் எண்ணெய் தேங்கும் தட்டான ‘பான்’ உண்டு, வடிகால் போல்ட் உண்டு, எண்ணெய் அளவு பார்க்க டிப் ஸ்டிக்கும் உண்டு. இன்றைய பல ஆட்டோமேடிக்குகளில் டிப் ஸ்டிக்கே கிடையாது. எண்ணெயின் வெப்பநிலையை ஸ்கேனரில் பார்த்தபடி, அடியிலுள்ள வழிவுத் துளையிலிருந்து எண்ணெய் சொட்டும் நிலையைக் கொண்டு அளவைத் தீர்மானிக்க வேண்டும். இந்தப் பதிலைப் படிக்கும் வேறு வண்டிக்காரர்கள் கீழே நான் சொல்வதைத் தங்கள் வண்டியில் அப்படியே செய்துவிட வேண்டாம்.

எந்த எண்ணெய் என்பதற்கு வருகிறேன். கடைக்காரர் சொல்லைக் கேட்காதீர்கள். உங்கள் பெட்டிக்கு எஸ்பி-3 தரம் கேட்கப்பட்டிருக்கிறது. கையேட்டின் எண்ணெய் அட்டவணையில் அது அச்சிட்டிருக்கும், ஒருமுறை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் சிவப்பு, இரண்டும் ஏறக்குறைய ஒரே குழகுழப்பு, பிறகு ஏன் டெக்ஸ்ரான் 3 ஆகாது என்ற கேள்வி எழும். என்ஜினில் எண்ணெயின் முதன்மை வேலை உராய்வைக் குறைப்பது. ஆட்டோமேடிக் பெட்டியில் ஒரே எண்ணெய் நான்கு வேலை செய்கிறது: டார்க் கன்வெர்ட்டருக்குள் என்ஜினின் விசையைக் கடத்துகிறது, எண்ணெய் வழிகளைத் திறந்து மூடும் வால்வ் பாடி வழியாக அழுத்தமாகச் சென்று கிளட்சுகளை அழுத்திப் பிடிக்கிறது, பல்சக்கரங்களுக்கு மசகாகிறது, சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது. இவற்றோடு ஐந்தாவதாக ஒரு நுட்பமான பொறுப்பும் உண்டு. அந்த எண்ணெயில் நனைந்தபடியேதான் காகித நார் ஒட்டிய கிளட்ச் தட்டுகள் எஃகுத் தட்டுகளைப் பற்ற வேண்டும். வெடுக்கென்று பற்றினால் வண்டி உதறும், தயங்கிப் பற்றினால் தட்டு தேயும். எவ்வளவு உராய்வு, எந்த வேகத்தில் உராய்வு என்பதைத் தீர்மானிப்பது எண்ணெயில் கலந்திருக்கும் வேதிப்பொருள்களே. 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்க ஆட்டோமேடிக் எண்ணெய்களில் இந்த வேலைக்குத் திமிங்கில எண்ணெய் சேர்த்தார்கள் என்றால், இந்தப் பண்பைப் பெறுவது எத்தனை சிரமமாக இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். ஆகவே நிறத்தையும் குழகுழப்பையும் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. இன்னொரு எச்சரிக்கை: எண் பெரியதாக இருப்பதால் எஸ்பி-4 இன்னும் உயர்ந்தது என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அது பின்னால் வந்த ஆறு கியர் பெட்டிகளுக்கானது, இதைவிட நீர்த்தது. நிறுவனத்தின் உதிரிபாகக் கடையிலேயே முத்திரை உடையாத டப்பாக்களாக 5 லிட்டர் வாங்குங்கள். ஃபில்டரையும் வடிகால் போல்ட்டுக்கான புதிய வாஷரையும் அங்கேயே, வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள்.

இனி உங்களுக்குக் கிடைத்த மூன்று அறிவுரைகள். ‘ஆயுளுக்கும் போதும்’ என்பதில் யாருடைய ஆயுள், எத்தனை ஆண்டு என்பது சொல்லப்படுவதே இல்லை. எண்ணெய் கெடுவது பெரும்பாலும் சூட்டினால்; வேதியியலில் பொதுவாகச் சொல்லும் தோராயக் கணக்குப்படி 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆக்சிஜனேற்றம் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் நடக்கும். அவினாசி சாலையின் மாலை நெரிசலில், ஏப்ரல் வெயிலில், நின்று நின்று ஊர்ந்து செல்லும் வண்டியைக் குளிர்நாட்டு நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியோடு ஒப்பிட முடியாது. கையேடுகளிலேயே ‘கடும் பயன்பாடு’ என்று தனி அட்டவணை இருக்கும். நம் ஊர் ஓட்டம் பெரும்பாலும் அதில்தான் சேரும். நான் என் வாடிக்கையாளர்களுக்கு 50,000 கி.மீ.யை ஒட்டி மாற்றச் சொல்கிறேன்.

‘புது எண்ணெய் ஊற்றினால் படுத்துவிடும்’ என்பதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதற்குப் பின்னால் ஓர் அனுபவம் இருக்கிறது. பெரும்பாலோர் கியர்பாக்ஸ் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் எண்ணெயைப் பற்றி நினைக்கிறார்கள். தட்டுகள் தேய்ந்துபோன பெட்டிக்கு எண்ணெய் மருந்தாகாது, அது எப்படியும் நிற்கப்போகிற பெட்டிதான், ஆனால் கடைசியாகக் கைவைத்தவர் மீதும் கடைசியாக ஊற்றிய எண்ணெய் மீதும் பழி விழுகிறது. அதோடு, பல ஆண்டு படிந்த கசடு புது எண்ணெயால் இளகி வால்வ் பாடியின் மெல்லிய துளைகளில் சிக்குவதும் உண்டு. அதனால்தான் வரலாறு தெரியாத வண்டிக்கு மெஷின் ஃப்ளஷ் வேண்டாம் என்கிறேன். மேலும், அந்த மெஷின், எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரின் குழாய் வழியாக எண்ணெயை மாற்றுமே தவிர பானைத் திறப்பதில்லை. ஃபில்டர் பழையதாகவே இருக்கும், பானில் என்ன கிடக்கிறது என்பதும் தெரியாது. பானில் கிடப்பதைப் பார்ப்பதுதான் இந்த வேலையின் பாதிப் பயன்.

ஸ்பேனரை எடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. வண்டியை 20, 25 நிமிடம் ஓட்டிச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை ‘பி’ முதல் கடைசி வரை ஒவ்வொரு நிலையிலும் இரண்டு நொடி வைத்துத் திரும்பக் கொண்டுவந்து, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். லீவர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறதோ அதையே பின்பற்றுங்கள். என்ஜின் ஓட வேண்டும் என்பது முக்கியம். என்ஜின் நின்றால் கன்வெர்ட்டரிலும் மேல்வழிகளிலும் இருக்கும் எண்ணெய் பானுக்கு இறங்கி, கோட்டை ஏமாற்றிவிடும். (ஹோண்டாவின் பல பெட்டிகளில் என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும், ஒரு நிறுவனத்தின் முறை இன்னொன்றுக்குப் பொருந்தாது.) உங்கள் காலைத் தாமதத்துக்குக் காரணம் இந்தச் சோதனையிலேயே கிடைக்கலாம். அளவு குறைவாக இருந்தால், குளிரும்போது பம்ப் கொஞ்சம் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். கிளட்சுக்கு அழுத்தம் சேர ஒரு நொடி பிந்தும். அப்படியானால் எண்ணெய் எங்கே போனது என்று தேட வேண்டும். என்ஜினைப் போல இந்தப் பெட்டி எண்ணெயை எரிப்பதில்லை. குறைந்திருந்தால் டிரைவ் ஷாஃப்ட் சீல், பான் ஓரம், கூலர் ஹோஸ் இவற்றில் எங்கோ கசிகிறது, அல்லது முன்பு யாரோ குறைவாக ஊற்றியிருக்கிறார்கள்.

டிப் ஸ்டிக்கில் வந்த எண்ணெயை ஒரு வெள்ளைத் தாளில் தொட்டு வையுங்கள். பழுப்புச் சிவப்பு என்றால் வயதாகிவிட்டது, அவ்வளவே. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தட்டு கருகியிருக்கிறது. ரோஸ் மில்க் போல வெளுத்த இளஞ்சிவப்பாகக் குழம்பியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது. வண்டியை மேலும் ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள், கூலன்ட் அந்தக் காகிதத் தட்டுகளின் பசையையே இளக்கிவிடும். கருகிய வாடையோடு, ஆக்சிலரேட்டர் மிதித்தால் என்ஜின் சத்தம் ஏறியும் வண்டி ஏறாமலிருக்கும் வழுக்கலும் சேர்ந்திருந்தால் வீட்டு வேலையாக இதைச் செய்ய வேண்டாம். உங்கள் கடிதத்தில் உள்ளபடி காலைத் தாமதம் மட்டுமே என்றால் தாராளமாகத் தொடங்கலாம்.

வண்டியை உயர்த்துவதைப் பற்றிச் சுருக்கமாக ஆனால் அழுத்தமாகச் சொல்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையக் கூடாது. ஹாலோ பிளாக், செங்கல், மரக்கட்டை அடுக்கு எதுவும் ஸ்டாண்டுக்கு மாற்றாகாது. ஹாலோ பிளாக் எச்சரிக்கை தராமல் நொறுங்கும். நான்கு பக்கமும் ஸ்டாண்டு வைத்து வண்டியை மட்டமாக நிறுத்துங்கள். முன்பக்கம் மட்டும் தூக்கினால் எண்ணெய் முழுவதும் வடியாது, பின்னர் அளவும் தப்பும்.

எண்ணெய் கொதிக்கும் சூட்டில் இருக்கக் கூடாது, முற்றிலும் குளிர்ந்தும் இருக்கக் கூடாது. ஐந்தாறு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்திய வெதுவெதுப்புப் போதும். வடிகால் போல்ட்டைத் திறந்து, சுத்தமான அகன்ற தட்டில் பிடியுங்கள். ஓட்டம் சொட்டாகும் வரை விட்டுவிட்டுப் பிறகு பானின் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். அதற்குப் பிறகும் பானில் எண்ணெய் மீந்திருக்கும்; ஆகவே எல்லாப் போல்ட்டுகளையும் ஒரேயடியாகக் கழற்றாமல், ஒரு மூலையில் இரண்டை மட்டும் பாதித் திருகில் தொங்கவிட்டு, எதிர்மூலையை மெல்ல இறக்கிச் சாய்த்து வடியுங்கள். பான் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். அலுமினிய முகப்பில் விழும் ஒரு கீறல் பிற்காலத்தில் ஒரு கசிவு. ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் விட்டுவிடும்.

பான் கைக்கு வந்ததும் அவசரப்பட்டுக் கழுவிவிடாதீர்கள். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஐந்து நிமிடம் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் காந்தங்களின் மேல் சாம்பல் நிறக் குழைவு ஒன்று படிந்திருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் மை போல வழுவழுப்பாக இருந்து கைரேகைக்குள் இறங்கிவிடும். 96,000 கி.மீ. ஓடிய பெட்டியில் அது இருக்கத்தான் வேண்டும், எஃகு தேய்ந்த நுண்பொடி அது. தேய்க்கும்போது விரலில் குத்தினால், ஊசிபோன்ற துண்டுகள் தென்பட்டால், எங்கோ ஒரு பேரிங் அல்லது பல் உடைந்துகொண்டிருக்கிறது. காந்தத்தில் ஒட்டாமல் பானின் தரையில் பொன்னிறமாக மின்னும் துகள்கள் புஷ்களிலிருந்து வந்தவை. கறுத்த, காகிதம் கிழிந்தது போன்ற செதில்கள் கிளட்ச் தட்டின் தோல். ஒரு படம் எடுத்து, கி.மீ. எண்ணோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை திறக்கும்போது ஒப்பிட அதைவிட நல்ல சான்று வேறு கிடைக்காது. குத்தும் துண்டோ கைநிறையச் செதிலோ கண்டால், எல்லாவற்றையும் மாட்டி மூடிவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். அந்தப் பெட்டிக்கு எண்ணெய் மாற்றி ஆவதொன்றுமில்லை.

ஃபில்டர் பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. அது அடைத்தால் பம்ப் பட்டினி கிடக்கும். அதன் ஓரத்தில் சிறு காற்று நுழைந்தாலும் அதே விளைவுதான். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் கழுத்தில் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது மேலே துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். அதை எடுக்காமல் புதிய ஃபில்டரை அதன் ஓ-ரிங்கோடு ஏற்றினால் இரண்டு வளையமும் நசுங்கி, எதுவும் சரியாக உட்காராமல், முதல் நாளே பெட்டி ஊளையிடத் தொடங்கும். டார்ச் அடித்துப் பாருங்கள், விரலை உள்ளே விட்டுத் தடவியும் பாருங்கள். கறுத்த உலோகத்தில் கறுத்த ரப்பர் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். புதிய ஓ-ரிங்கில் புதிய எண்ணெயைத் தடவியே மாட்டுங்கள், கிரீஸ் தேவையில்லை.

திருப்பூர்க்காரரான உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: பனியன் வேஸ்ட் இந்த வேலைக்கு ஆகாது. பட்டறைகளில் எல்லாவற்றையும் அதைக்கொண்டுதான் துடைக்கிறோம், நானும் துடைக்கிறேன். ஆனால் வால்வ் பாடி திறந்து தெரியும்போது அருகிலேயே கொண்டுபோவதில்லை. அதிலிருந்து உதிரும் ஒரு நூல், மயிரிழை இடைவெளியில் நகரும் வால்வைப் பாதிவழியில் நிறுத்தக்கூடியது. பானை பிரேக் கிளீனர் தெளித்துக் கழுவிக் காற்றில் உலர விடுங்கள். துடைத்தே ஆக வேண்டுமென்றால் நூல் உதிராத மைக்ரோ ஃபைபர் துணி. வால்வ் பாடியை எதைக்கொண்டும் துடைக்கவே வேண்டாம், மேலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கட்டும்.

பானை மூடும்போது உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருந்தது கேஸ்கெட்டா, சிலிக்கான் பசையா என்று பாருங்கள். எது இருந்ததோ அதையே பயன்படுத்துங்கள், இரண்டையும் சேர்க்காதீர்கள். பசை என்றால், கடைகளில் அனபாண்ட் என்று பெயர் சொல்லிக் கேட்கும் வகையிலேயே எண்ணெய் தாங்கும் ரகத்தைக் கேட்டு வாங்கி, இரு முகப்பிலும் பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுவதுமாக எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் உலர்த்தி, போல்ட் துளைகளின் உட்பக்கமாக ஏறத்தாழ இரண்டரை மி.மீ. தடிமனில் ஒரே கோடாக, அறுபடாமல் இடுங்கள். அதிகம் இட்டால் பாதுகாப்பு அதிகம் என்று தோன்றும். உள்ளே பிதுங்கும் பசை சில மாதத்தில் அறுந்து, நீங்கள் அன்று மாட்டிய புதிய ஃபில்டரின் வாயில்தான் போய் ஒட்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து இரு புறமுமாக, குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். சிறிய எம்6 அளவுப் போல்ட்டுகளுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இறுக்கமே போதும், உங்கள் மாடலுக்கான சரியான எண்ணைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்து டார்க் ரெஞ்சில் வையுங்கள். கைக்கு இது ‘இறுகவே இல்லையே’ என்று தோன்றும். அந்தத் தோன்றலுக்கு இடம் கொடுத்தால் அலுமினிய மரை உரிந்து வரும். பசை காய்வதற்கு டியூபில் சொல்லியிருக்கும் நேரத்தைக் கொடுங்கள், அதற்குள் எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் முக்கியமான வேலை. வடித்த எண்ணெய் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு, அளவுக் கோடு போட்ட குவளையால் அல்லது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி அளவெடுங்கள். தட்டில் ஒட்டியது, பானில் இருந்தது எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூட்டோடு அளக்கக் கூடாது. எண்ணெய் ஒவ்வொரு டிகிரிக்கும் பத்தாயிரத்தில் ஏழெட்டுப் பங்கு விரிகிறது. 4 லிட்டர் எண்ணெய் 30 டிகிரியிலும் 70 டிகிரியிலும் ஏறத்தாழ 120 மில்லி வேறுபடும். பழையது 4.1 லிட்டர் வந்தால் புதியதும் முதலில் 4.1 லிட்டர். முந்தைய சோதனையில் அளவு குறைவாக இருந்ததென்றால் அந்தக் குறையைப் பின்னால் டிப் ஸ்டிக் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஊற்றுவது டிப் ஸ்டிக் குழாய் வழியாகவே. நீண்ட மெல்லிய கழுத்துள்ள புனல் வேண்டும். அதற்குள் தூசி இல்லாமல் கழுவி உலர்த்தியிருக்க வேண்டும். முழுவதையும் ஒரேயடியாக ஊற்றாமல் 300 மில்லியைப் போலக் கையில் நிறுத்திக்கொண்டு, ஸ்டாண்டிலிருந்து வண்டியைச் சமதரைக்கு இறக்கி, என்ஜினைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் இரண்டு சுற்றுக் கொண்டுபோங்கள். முதல்முறை ‘டி’ பிடிக்க இரண்டு மூன்று நொடி ஆகலாம், வழிகளில் எண்ணெய் நிரம்பும் நேரம் அது. பிறகு மீதியை ஊற்றி, பான் ஓரத்தில் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பல்லடம் வரை போய்வாருங்கள். எண்ணெய் 70 முதல் 80 டிகிரிக்கு வந்த நிலையில், என்ஜின் ஓட, மேலே சொன்ன அதே முறையில் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ‘ஹாட்’ பகுதியின் இரு கோடுகளுக்கு நடுவில் நின்றால் போதும். கியர்பாக்ஸ் எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி) இருந்தால் அதில் படித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அரை மணி நேர ஊர் ஓட்டம் ஏறத்தாழ அந்தச் சூட்டைத் தரும். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் ‘கொஞ்சம்தானே’ என்று விடாதீர்கள்; மெல்லிய குழாயை டிப் ஸ்டிக் குழாய்க்குள் விட்டு சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அதிகமானாலும் குறைந்தாலும் எண்ணெயில் காற்றுக் கலப்பதே விளைவு, காற்றுக் கலந்த எண்ணெய் கிளட்சை அழுத்திப் பிடிக்காது.

இந்த ஒரு மாற்றத்தில் பெட்டியிலுள்ள எண்ணெய் முழுவதும் புதிதாகிவிடாது என்பதை மறந்துவிட வேண்டாம். கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் உள்ளது வடியாமலே தங்கிவிடுகிறது. மொத்தம் 7 லிட்டர், வடிவது 4 லிட்டர் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், முதல் மாற்றத்தில் பெட்டியில் 57 விழுக்காடுதான் புதியது. சில ஆயிரம் கி.மீ. ஓட்டிவிட்டு அதேபோல 4 லிட்டர் வடித்து ஊற்றினால் புதியதன் பங்கு 82 ஆகும், மூன்றாவது முறையில் 92. மூன்றாவது முறை கட்டாயமில்லை. இரண்டு முறை செய்துவிடுங்கள் என்பதே என் கருத்து. கசடு படிந்த பழைய பெட்டிக்கு இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது ஒரு வகையில் நல்லதும்கூட.

காலைத் தாமதம் இதனால் தீருமா என்று உறுதிகூற மாட்டேன். எண்ணெய்க் குறைவோ, அடைத்த ஃபில்டரோ, கெட்ட எண்ணெயோ காரணமென்றால் தீரும் அல்லது பெரிதும் குறையும். கிளட்ச் பிஸ்டனின் ரப்பர் சீல்கள் 12, 13 ஆண்டில் விறைத்துப்போனது காரணமென்றால் குளிர்ந்த எண்ணெயில் ஒரு நொடித் தாமதம் தொடரவே செய்யும். அது கூடாமல் இருக்கும் வரை பெட்டியைப் பிரிக்க வேண்டிய தேவையில்லை. வண்டியைக் காலையில் எடுத்ததும் அரை நிமிடம் ஐடிலில் விட்டு, ‘டி’ பிடித்ததை உணர்ந்த பிறகு ஆக்சிலரேட்டரில் கால் வையுங்கள்.

பழைய எண்ணெயை அளந்த அதே பாட்டில்களில் மூடி வையுங்கள். கழிவு எண்ணெய் நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருவது. பதிவுபெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குக் கழிவு எண்ணெய் கொடுக்கும் பட்டறையில் சேர்த்துவிடுங்கள். சாக்கடையில் விட்டால் அது எங்கே போய்ச் சேரும் என்று நொய்யல் கரையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, சூடாக இருக்கும்போது, அளவையும் பான் ஓரத்தையும் பாருங்கள். இரண்டாவது மாற்றத்துக்குப் பானைக் கழற்ற வேண்டாம், வடிகால் போல்ட் மட்டும் போதும், அதற்கு ஒரு புது வாஷரை இப்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள். பானைத் திறக்காததால் அப்போது வடிவது முதல் முறையைவிடக் குறைவாக இருக்கும் (மேலே கணக்குக்குச் சொன்ன 82 விழுக்காடும் சற்றுக் குறையும்), நினைவிலிருக்கும் 4.1-ஐ ஊற்றிவிடாமல் அன்று வடிந்ததை மறுபடி அளந்து அவ்வளவே ஊற்றுங்கள்.